ஆயர் ஓடலாமா?

கி.பி. 250-இல் உரோமை நகரிலிருந்து வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பெயரும் இல்லை, யாருக்கு என்பதும் இல்லை. அனுப்பியவர்கள் உரோமைத் திருச்சபையின் குருக்கள். அவர்களுடைய ஆயர் ஃபேபியன் அந்தச் சனவரியில்தான் விசுவாசத்துக்காக உயிர்விட்டிருந்தார். கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான் தலைமறைவாகியிருந்தார். கடிதம் அவரை நேரடியாகத் திட்டவில்லை. ஓநாய் வரும்போது ஆடுகளை விட்டுவிட்டு ஓடும் கூலிக்காரனைப் பற்றிய நற்செய்தி உவமையை நினைவூட்டியது; அவ்வளவுதான். குத்தல் யாருக்கு என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை.

கடிதம் கைக்கு வந்ததும் சிப்ரியான் செய்த காரியம் ரசிக்கத்தக்கது. கையெழுத்தும் விஷயமும் எழுதிய தாளும்கூடச் சந்தேகமாக இருக்கின்றன, இது நீங்கள் எழுதியதுதானா என்று பார்த்துச் சொல்லுங்கள் என மூலக் கடிதத்தையே திருப்பி அனுப்பிவிட்டார். ஆயராகும் முன் பேச்சுக்கலை கற்பித்துப் பெயர் வாங்கியவர் அல்லவா! ஆனால் கடிதம் எழுப்பிய கேள்வி அதோடு போய்விடவில்லை. ஆபத்து நேரத்தில் ஒரு தலைவன் தன் மக்களை விட்டு ஒளிந்துகொள்வது அறமா?

அந்த ஆபத்து எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பேரரசர் டேசியுஸ் பிறப்பித்த ஆணை கிறிஸ்தவர்களைப் பெயர் சொல்லித் தேடவில்லை. பேரரசின் மக்கள் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும், பலியிட்டதற்கு அதிகாரிகளிடம் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றது. எகிப்தின் வறண்ட மணல் அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றைக் காப்பாற்றித் தந்திருக்கிறது. அவற்றில் ஒன்று, வலப் புருவத்தில் தழும்புள்ள 72 வயது டயோஜெனிஸ் என்பவருடையது. நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போது உங்கள் கண்முன்னால் பலியிட்டுப் படையலையும் சுவைத்தேன் என்று அவர் எழுதிக் கொடுக்க, அதிகாரிகள் சாட்சிக் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். இன்னொன்று முதலைத் தெய்வத்தின் கோயில் பூசாரிப் பெண் ஒருத்தி வாங்கியது. நாள்தோறும் பூசை செய்பவளும் தாளில் எழுதி வாங்கியாக வேண்டும். அரசு இயந்திரம் என்றால் அப்படித்தான்.

கார்த்தேஜில் விசுவாசிகள் சீட்டுக்கட்டுபோலச் சரிந்தார்கள். அதிகாரிகள் பிடித்து இழுக்கும் முன்பே பலர் பலிபீடத்துக்கு ஓடினார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொல்லியும் இன்றே முடித்துவிடுங்கள் எனச் சிலர் கெஞ்சியதாகச் சிப்ரியானே பின்னர் எழுதினார். பலியிடாமல், கையூட்டுக் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. சிறை போனவர்கள் சிலர். ஆயர் எங்கே என்ற கேள்வி எழாமல் இருக்குமா?

சிப்ரியான் சொன்ன காரணங்கள் இரண்டு. ஓர் ஊரில் துன்புறுத்தினால் வேறு ஊருக்கு ஓடிப்போகும்படி இயேசுவே சீடர்களுக்குச் சொல்லியிருக்கிறார் என்பது ஒன்று. நகரத்துக் கும்பல் தன்னைச் சிங்கத்துக்கு இரையாக்கச் சொல்லித் திரும்பத் திரும்பக் கூச்சலிட்டது, தான் அங்கிருந்தால் கலவரம் மற்றவர்கள் மீதும் பாயும் என்பது மற்றொன்று. வெறும் சாக்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. அவருடைய சொத்துகளைப் பறிமுதல் செய்யும் அறிவிப்பு அவர் பெயரைச் சொல்லியே ஒட்டப்பட்டது. ஒளிந்திருந்த ஓராண்டுக்கும் மேலான காலத்தில் அவர் கடிதம் மேல் கடிதமாக எழுதிக்கொண்டே இருந்தார். கைம்பெண்களையும் நோயாளிகளையும் கவனியுங்கள், ரொகாசியானுஸ் என்ற குருவிடம் விட்டுவந்த என் பணத்திலிருந்து ஏழை அந்நியருக்கும் கொடுங்கள், சிறையில் இருப்பவர்களைப் பார்க்கக் கூட்டமாகப் போகாதீர்கள், குருக்கள் முறைவைத்து மாறி மாறிப் போனால் சந்தேகம் குறையும் என்றெல்லாம் நுணுக்கமான கட்டளைகள். கூலிக்கு மேய்த்தவன் இதையெல்லாம் செய்ய மாட்டான்.

இதில் ஒரு முரண் உண்டு. சிப்ரியான் நாள்தோறும் படித்து ஆசான் என்று கொண்டாடியவர் அதே ஊர்க்காரரான தெர்த்துல்லியன். துன்புறுத்தலில் ஓடுவதே கூடாது, அது கடவுள் அனுமதித்து வருவது என்று அவர் தனி நூலே எழுதியிருந்தார். சிப்ரியானுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் ஆசான் பக்கம் இருந்த கண்டிப்பு நடைமுறையில் என்ன செய்யும் என்பதற்குச் சிமிர்னாவில் முன்பே ஒரு பாடம் நடந்திருந்தது. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஃபிரிஜியாவைச் சேர்ந்த குவிந்துஸ் என்பவன் தானாகவே முன்வந்து, கூடச் சிலரையும் தூண்டி அதிகாரிகள் முன் நின்றான். விலங்குகளை நேரில் கண்டதும் நடுங்கிப்போய்ப் பலியிட்டுவிட்டான். அங்கேயே முதிய ஆயர் போலிகார்ப் மற்றவர்கள் வற்புறுத்தலால் ஒரு பண்ணைக்கும், பிறகு இன்னொரு பண்ணைக்கும் ஒதுங்கினார். பிடிபட்டபோது உறுதியாக நின்று செத்தார். ஒதுங்கியவரைச் சபை மறைசாட்சியாகக் கொண்டாடியது, முண்டியடித்தவனை எச்சரிக்கையாக எழுதி வைத்தது.

ஆனாலும் சிப்ரியானின் நிலை முழுக்கத் தேறிவிடவில்லை. ஓடுவதற்கு வசதி வேண்டும். செல்வந்தரான அவருக்கு ஒளிய இடம் இருந்தது, செய்தி கொண்டுபோக ஆட்களும் இருந்தார்கள். பண்ணையில் கூலிவேலை செய்தவன் எங்கே ஓடுவான்? 251-இல் திரும்பி வந்தவர், விசுவாசத்திலிருந்து வீழ்ந்தவர்களைப் பற்றிக் கடுமையாகவே பேசினார். சொத்து ஆசைதான் பலரை ஊரில் கட்டிப்போட்டது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேறியிருக்கலாமே என்பது அவருடைய வாதம். சொத்தை இழந்தும் வாழத் தெரிந்தவர் சொன்னது அது. வாதத்தில் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்ல அவருக்கிருந்த தகுதிதான் சற்று இடிக்கிறது.

அவருக்கும் அது உறைத்ததோ என்னவோ, அந்த ஆண்டு கூடிய ஆப்பிரிக்க ஆயர்களின் மன்றத்தில் எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்கவில்லை. சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை ஆளுக்கு ஆள் விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம், பலியிட்டவர்கள் நீண்ட காலம் தவம் செய்ய வேண்டும் என்று முடிவானது. முன்பு கண்டிப்பாக இருந்தவர் இப்போது இளகிவிட்டார் என்று குறை சொன்ன அந்தோனியானுஸ் என்ற ஆயருக்கு அவர் எழுதிய நீண்ட பதிலில் ஓர் உதாரணம் வருகிறது. ஒருவன் தானும் விழுந்து குடும்பத்தையும் கூட இழுத்துப் போனான். இன்னொருவன் மனைவி மக்களும் குத்தகைக்காரர்களும் தப்பிக்கத் தான் மட்டும் போய்ப் பலியிட்டான், பிறகு நாடுகடத்தப்பட்டு வந்தவர்களுக்குத் தன் வீட்டில் இடமும் கொடுத்தான். இருவர் குற்றமும் ஒன்றா என்று கேட்கிறார். நல்ல நீதிபதி கேட்கும் கேள்வி அது.

ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்குப் பிறகு, வாண்டல் இனத்தார் வட ஆப்பிரிக்காவைச் சூறையாடியபோது, ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீன் இந்தக் கேள்விக்கு ஓர் அளவுகோல் வகுத்தார். எதிரி தேடுவது தனி ஒருவரை என்றால், மக்களைக் கவனிக்க வேறு ஆள் இருந்தால், அவர் ஓடலாம். தமஸ்கு நகரச் சுவரிலிருந்து பவுல் கூடையில் இறங்கித் தப்பியது அப்படித்தான். ஆபத்து எல்லோருக்கும் பொது என்றால் குருக்கள் ஓடக்கூடாது. யார் தங்குவது, யார் போவது என்று தீராவிட்டால் சீட்டுக் குலுக்கிப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அவர் ஓடவில்லை, 430-இல், முற்றுகைக்குள் கிடந்த ஹிப்போவிலேயே இறந்தார்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் சிப்ரியானின் வாழ்க்கை தலைகீழாகத் தெரிகிறது. டேசியுஸின் ஆணை எல்லோருக்கும் பொது. அப்போது அவர் ஒளிந்தார். கும்பல் அவரைத் தனியாகக் குறிவைத்தது என்பதால் பாதி விலக்குக் கொடுக்கலாம், முழுதாகக் கொடுக்க முடியாது. பேரரசர் வலேரியன் 258-இல் பிறப்பித்த ஆணை முதலில் குறிவைத்தது ஆயர்களையும் குருக்களையும். ஓட நியாயம் அப்போதுதான் அதிகம். அப்போது அவர் ஓடவில்லை.

சரியாகச் சொன்னால், கொஞ்சம் ஒளிந்தார். ஆளுநர் தங்கியிருந்த உத்திகா நகருக்குத் தன்னை இழுத்துப்போக ஆள் வருகிறது என்று கேள்விப்பட்டுச் சில நாள் விலகி நின்றார். ஓர் ஆயர் தன் சொந்த ஊரில், தன் மக்கள் நடுவே சாட்சி சொல்லிச் சாவதே முறை என்று காரணம் எழுதினார். ஆளுநர் கார்த்தேஜுக்குத் திரும்பியதும் தன் தோட்ட வீட்டுக்கு வந்து காத்திருந்தார். செப்டம்பர் 13 அன்று கைது, மறுநாள் விசாரணை. உன் நிலையை யோசித்துப் பார் என்றார் ஆளுநர் கலேரியுஸ் மாக்சிமுஸ். இவ்வளவு நியாயமான விஷயத்தில் யோசிக்க ஒன்றுமில்லை என்றார் சிப்ரியான். வாளால் வெட்டத் தீர்ப்பானது. வெட்டப்போகிறவனுக்கு 25 பொற்காசு கொடுக்கும்படி தன் ஆட்களிடம் சொன்னார்.

ஓராண்டுக்கு முன் நடந்த முதல் விசாரணையில், குருக்களின் பெயர்களைச் சொல் என்று வேறொரு ஆளுநர் கேட்டபோது, காட்டிக்கொடுப்பதை உங்கள் சட்டமே தடுக்கிறது என்று மறுத்திருந்தார். ஒளிந்திருந்தபோது எழுதிய கடைசிக் கடிதத்திலும் தன் குருக்களுக்கும் மக்களுக்கும் அவர் விட்ட கட்டளை, கலகம் வேண்டாம், யாரும் தானாகப் போய்ச் சரணடைய வேண்டாம் என்பதுதான். தனக்கு மட்டுமே அவர் வேறு முடிவு எடுத்திருந்தார்.