பார்க்கிறவனின் சொந்த ஒளி



பிறருக்குள் இருப்பதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை உண்டா? உண்டென்றால், எப்படிப் பார்க்க வேண்டும்? இக்கேள்விக்கு வைத்திய சாஸ்திரத்தில் நல்ல பாடம் ஒன்று இருக்கிறது.

குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் எண்டோஸ்கோப் பரிசோதனையை உங்களில் பலர் அறிவீர்கள். முற்காலத்தில் அக்குழாய் வளையாத உலோகமாயிருந்தது. நோயாளி பட்ட பாடு கொஞ்சமல்ல. 1957-ல் அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலை வைத்தியர் பேசில் ஹிர்ஷோவிட்ஸ், மெல்லிய கண்ணாடி இழைகளைக் கற்றையாக்கிச் செய்த, வளையக்கூடிய புதுக் கருவியை முதலில் தம் தொண்டைக்குள்ளேயே செலுத்திப் பார்த்தார். சில நாட்களுக்குப் பின்பே நோயாளிக்குச் செலுத்தினார்.

இக்காலத்தில் நோயுற்ற சதையை லேசர் ஒளியால் பிரித்தறிய ஆராய்ச்சி நடக்கிறது. சதையிலிருந்து திரும்பி வரும் ஒளி மிக மெலிது. லேசர் ஓடும்போது கண்ணாடி இழையும் தானாக ஒரு மங்கிய ஒளியைக் கிளப்பிவிடுகிறது. இரண்டும் கலந்தால் நோயின் ஒளி எது, கருவியின் ஒளி எது என்று பிரிப்பது கடினம். ஆகையால் நடுவில் துளையுள்ள இழையை நாடுகிறார்கள். 1999-ல் இங்கிலாந்தின் பாத் சர்வகலாசாலையில் பிலிப் ரஸ்ஸலும் அவர் தோழரும் இத்தகைய இழையில் ஒளியைக் காற்றின் வழியே நடத்திக் காட்டினார்கள். அங்கே கண்ணாடி ஒளியைத் தொடுவது மிகச் சொற்பம்; ஆதலால் கருவியின் சொந்த ஒளி மிகவும் குறைகிறது.

என் குற்றம் ஒன்றைச் சொல்லுகிறேன். முன்பு நான் இருந்த ஊரில் ஒருவர் பிரசங்கத்தின் நடுவே எழுந்து வெளியே போவார். அசட்டை என்று எண்ணினேன். ஒருநாள் நாலுபேர் கேட்கக் கடிந்தும் பேசினேன். அவருக்கு வயிற்றுப் புண் என்று பிற்பாடு பரிசோதனையில் தெரிந்தது. வெறும் வயிற்றில் வலி பொறுக்காமல்தான் எழுந்து போயிருக்கிறார். நான் கண்டது அவருடைய அசட்டையை அன்று, என் கோபத்தையே. வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் நாலுபேர் காதில் விழுந்த சொல்லைத் திரும்ப எடுப்பது எப்படி?

"மனிதன் அபிப்பிராயமே இல்லாமல் இருக்க முடியுமா, சாமி?" என்று கேட்பீர்கள். முடியாது. அந்த இழைக்கும் சுற்றிலும் கண்ணாடிச் சுவர் வேண்டும். சுவரில்லாவிட்டால் ஒளி சிதறிப்போகும். நம் கொள்கைகளும் சுவராக நிற்கட்டும்; ஒளி வரும் வழியை அடைக்க வேண்டாம்.

பிள்ளைகளை விசாரிப்பது பெற்றோர் கடமை. தவறியவனுக்குப் புத்தி சொல்வது அயலான் கடமை. ஆனால் வைத்தியர் குணமாக்கவே பார்க்கிறார். நோயாளியின் சம்மதத்தோடு பார்க்கிறார். கண்டதைத் தெருவில் சொல்வதில்லை. ஆகையால் இந்த வாரம் யாரைப் பற்றியாவது தீர்ப்புச் சொல்ல வாய் எழும்போது, முதலில் அவரிடமே போய், "என்ன சங்கடம்?" என்று கேளுங்கள். கேட்டபின் பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.