குழாய் இருக்கா, தண்ணி வருதா?

ஒரு சேவை ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லும் உரிமை யாருக்கு? நடத்துகிறவனுக்கா, கணக்கெடுக்கிறவனுக்கா, அதை நம்பி உயிர் வாழ்கிறவனுக்கா?

2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்கிறது. எங்க சேரியிலயும் குழாய் போட்டாச்சு. ஊருக்கும் சேரிக்கும் ஒரே தொட்டி. எங்களுக்குக் கடைசி வால்வு. ஊர்த்தெரு நிறைந்தபின் மிஞ்சினால் உண்டு. கணக்கெடுக்க வந்தவர் "குழாய் இருக்கா?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார். "தண்ணி வருதா?" என்று கேட்கவில்லை. இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில்தான் சாதி குடியிருக்கிறது.

இது புதுசு இல்லை. பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோருக்குத் திறக்க 1923இல் பம்பாய் சட்டசபை தீர்மானம் போட்டது. அடுத்த ஆண்டு மகாட் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறப்பதாகத் தீர்மானித்தது. காகிதத்தில் குளம் திறந்துவிட்டது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மக்களோடு போய்த் தண்ணீர் அள்ளிக் குடித்தார். குடித்தவர்களுக்கு அடி விழுந்தது. குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். தீர்மானம் உண்மையா என்று சோதித்தது அந்த ஒரு கை தண்ணீர்தான். கண்காணிப்பு என்று நான் சொல்வது அதைத்தான்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் பீ கிடந்தது. எந்தப் பதிவேடும் அதைச் சொல்லவில்லை. பிள்ளைகளின் வயிறு சொன்னது. 2025 ஜனவரியில் போலீஸ் அந்த மக்களில் மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை வைத்தது. அவர்கள் அதை மறுத்தார்கள்.

கக்கூஸ் கதையும் இதுதான். 2019 அக்டோபர் 2 அன்று கிராமப்புற இந்தியாவில் திறந்தவெளி மலங்கழிப்பு ஒழிந்தது என்று அறிவித்தார்கள். கட்டினதை எண்ணியாச்சு. குழி நிறைஞ்சா? இரட்டைக் குழியில் ஒன்றை மூடி ஆறப்போட்டால் மலம் எருவாகிவிடும். செப்டிக் டேங்கை யாராவது அள்ளித்தான் ஆகணும். அந்த 'யாராவது' எந்தத் தெருக்காரன் என்று எல்லாருக்கும் தெரியும். தடைச்சட்டம் 1993இலும் வந்தது, 2013இலும் வந்தது. சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 2014இல் 10 லட்சம், 2023இல் 30 லட்சம் என்றது உச்ச நீதிமன்றம். தொகை ஏறியிருக்கு. ஆளை இறக்குவது நிக்கல.

"நல்லது நடக்கும்போது கொஞ்சம் குறை இருக்கத்தானே செய்யும்" என்கிறார்கள் நண்பர்கள். அந்தக் கொஞ்சம் எப்போதும் ஒரே தெருவில் வந்து விழுமானால் அதற்குக் குறை என்று பெயர் இல்லை, ஏற்பாடு என்று பெயர். ஒருவன் மானத்தைத் தின்று இன்னொருவன் வீடு சுத்தமாவதை நான் சேவை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பதிவேட்டைக் கடைசி வால்வில் குடத்தோடு நிற்கிறவளிடமும், குழிக்குள் இறக்கப்படுகிறவனிடமும் கொடுங்கள். அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் கணக்கு.