கத்தரிக்கும் கை

செம்பருத்தியைக் கவாத்து செய்வோர், “செடியின் நன்மைக்கே வெட்டுகிறோம்” என்பர். அஃது எத்துணை உண்மை?

மலேசியா 1960ஆம் ஆண்டில் தேசிய மலராக ஏற்ற புங்கா ராயா இச்செடியே. கிளையின் நுனி, தனக்குக் கீழுள்ள பக்க மொட்டுகளை உறங்க வைக்கிறது. ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் உறங்கியவை விழிக்கின்றன. ஒன்று நின்ற இடத்தில் இரண்டு மூன்று தளிர்க்கின்றன. செம்பருத்தி புதுத் தளிரிலே பூப்பதால், சில வாரங்கள் பொறுத்தால் மலர் மிகும். ஆயினும் மிகுந்த மலரை வேண்டியது செடியன்று, நாமே. வெட்டுவார் இன்றியும் அது வளரும், பூக்கும்.

இதனையே வேலியாக வளர்ப்போர் மட்டமாக அடிக்கடி கத்தரிப்பர். தளிர் அரும்பு விடுமுன் கத்தரி மீண்டும் வரும். வேலி நேராக நிற்கும். பூவைத்தான் தேட வேண்டும். அங்கும் நன்மை என்ற சொல்லே வழங்குகிறது!

வகுப்பறைக் கண்டிப்புக்கு இவ்வுவமையை எடுத்தாள்வது நம்மிடையே வழக்கம். மாணவர் செடியல்லர், வலியும் வாயும் உடையவர். “உன் நன்மைக்கே” என்னுமுன், தாம் விழைவது மலரா, நேர்கோடா என ஆசிரியர் தம்மையே வினவுதல் வேண்டும். ஒழுங்கும் வேண்டுவதே; அதனை ஒழுங்கென்றே கூறிவிடலாமே.

மற்றொன்று. செம்பருத்தியைப் பெரும்பாலும் கொம்பு நட்டே பெருக்குகிறோம். வெட்டி வீழ்த்திய கிளையின் முற்றிய துண்டு ஈர மண்ணில் வேர்விடும். கவாத்து முடிந்தபின் குப்பைக்குச் செல்வதை நம்மில் எத்தனை பேர் குனிந்து பார்க்கிறோம்?