பொருத்தும் பொறுப்பும்

தேரின் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சுட்டி, ‘இவற்றுள் தேர் எது?’ என்று மிலிந்த மன்னனை வினவினார் நாகசேனர். அச்சு தேரன்று, சில்லும் தேரன்று, நுகமும் தேரன்று. உறுப்புகளின் சேர்க்கைக்கு வழங்கும் பெயரே தேர் என்பது ‘மிலிந்த பஞ்ஞா’ என்னும் பாளி நூல் காட்டும் முடிவு. ஆன்மாவைப் பற்றிய வாதத்தில் அவ்வுவமை வென்றது. அதே வினாவைத் தேரோட்டியிடம் எழுப்பியிருந்தால் விடை வேறாக இருந்திருக்கும். எல்லா உறுப்புகளும் இருந்தும் ஓர் ஆணி கழன்றால் என்ன நிகழும் என்பதை அவன் அறிவான். உறுப்புகளைப் பற்றிச் சிந்தித்த அளவுக்கு அவை பொருந்தும் வாய்களைப் பற்றி நம் தத்துவங்கள் சிந்தித்ததில்லை.

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் ஓடும் பழைய லாண்ட் றோவர் வண்டிகள் இக்குறையை நினைவூட்டுவன. 1948 இல் முதன்முதல் வெளிவந்த இவ்வகை வண்டி, நான்கு சில்லுகளுக்கும் எஞ்சினின் விசை செல்வதால், செங்குத்தான தோட்டப் பாதைகளுக்கு ஏற்றதாயிற்று. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இலேயே மீண்டும் வழிவிடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழையதைத் திருத்தி ஓட்டுதல் விருப்பம் என்ற நிலை கடந்து கட்டாயமாயிற்று. இலங்கையின் சமவெளிகளில் வண்டிக்கு ஹீற்றர் வேண்டியதில்லை. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், தை, மாசி விடியல்களில் உறைபனி படியும்போது, அது ஆடம்பரமன்று. அதே குளிரில் லயன் அறையில் உறங்குவோருக்கு எந்த ஹீற்றரும் இல்லை என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

ஹீற்றருக்கெனத் தனி நெருப்பு ஏதுமில்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரே அதன் சூட்டைச் சுமந்து, இறப்பர்க் குழாய்கள் வழியே பயணியின் பக்கம் சென்று வெப்பத்தைக் கொடுத்து மீள்கிறது. வசதிக்குரிய நீரும் எஞ்சினின் உயிருக்குரிய நீரும் ஒன்றே. ஆதலின் விரல் பருமனான ஓர் இணைப்புக் குழாய் வெடித்தால், ஹீற்றர் மட்டும் நிற்பதில்லை; முழு நீரும் வெளியேறிவிடும். நுவரெலியாவின் உயரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். அமைப்புக்குள் அழுத்தம் காக்கப்படும்வரை கொதிநிலை உயர்ந்து நிற்கும். கசிவு ஏற்பட்டதும் அக்காப்பும் போய்விடும். இன்னொரு கொடுமையும் உண்டு. நீர் முற்றாக வடிந்தபின், நீரில் தோய்ந்திருக்க வேண்டிய வெப்பமானி உண்மைச் சூட்டைக் காட்டாமற் போகலாம். கேடு முற்றிய வேளையிலேயே சாட்சி பொய் சொல்கிறது.

தேய்ந்த இணைப்பைக் கண்ட மெக்கானிக்குக்கு ஓர் எளிய வழி உண்டு. இரு குழாய்களையும் ஒன்றோடொன்று தொடுத்து, ஹீற்றரை விலக்கிவிடலாம். வண்டி ஓடும், செலவும் குறைவு. இது குற்றமா? அன்று. உரியவருக்குச் சொல்லிச் செய்தால், இல்லாமைக் காலத்தின் நேர்மையான சிக்கனம் அது. நைந்த குழாயின்மேல் கிளிப்பை இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிட்டு ‘சரி’ என்பதே குற்றம்.

உடையவர் கேட்டதும் கூலி கொடுத்ததும் அவ்வளவுக்கே என்று வாதிக்கலாம். ஒப்பந்த நியாயம் அவ்வாறுதான் பேசும். ஆனால் ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், மழையிரவொன்றில் பேறுகாலப் பெண்ணையோ நோயுற்ற முதியவரையோ அவ்வண்டி சுமந்து செல்லக்கூடும். அவர் உடையவருமல்லர், கூலி கொடுத்தவருமல்லர். இணைப்பு என்ற ஒன்று உண்டென்பதையே அவர் அறியார். அறியாதவர் தம் உயிரை ஒப்படைத்திருக்கும் இடத்தில், அறிந்தவனின் கடமை கூலியோடு முடிவதில்லை. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவருக்கே மிகுந்த பொறுப்பு உரியது என்பது விந்தையாகத் தோன்றலாம். எனினும் தாமாகக் கேட்க இயலாதவர் அவர் ஒருவரே.

இப்பொறுப்பு பெரிய சொற்களில் இல்லை. வேலையின் சிறு நுணுக்கங்களில் இருக்கிறது. பழைய குழாயை இழுத்துப் பிடுங்கினால் ஹீற்றரின் மெல்லிய குழாய்வாய் வளைந்துவிடும். அதனை நீளவாக்கில் கீறி உரித்தெடுத்தல் வேண்டும். துருத்தடுப்புத் திரவம் கலவாத வெறும் நீரை ஊற்றி வந்த வண்டியாயின், உலோக வாய் அரிக்கப்பட்டுக் குழிவிழுந்திருக்கும். அதனைத் துலக்காது புதிய இறப்பரை ஏற்றினால், புதுமை மூடிமறைக்கும் ஒரு பழைய கசிவே எஞ்சும். குழிகள் ஆழமாயின் அந்த வாயையே மாற்றுதல் வேண்டும். அது ஒரு முழு நாளின் வேலை. பார்ப்பவருக்கு இரு நிலைகளிலும் கருநிறக் குழாயும் பளபளக்கும் கிளிப்பும் மட்டுமே தெரியும்.

நீரை நிரப்பி, அடைபட்ட காற்றை வெளியேற்றி, எஞ்சின் சூடேறும்வரை ஓடவிட்டபின், மூடியைத் திருகி அனுப்பிவிடுவதே வழக்கம். சூட்டில் இளகிய இறப்பர் ஆறும்போது கிளிப்பின் பிடி சற்றே தளர்ந்திருக்கலாம். கணக்குத் தீர்ந்த மறுநாட் காலையில், எஞ்சின் குளிர்ந்து கிடக்கையில், வண்டியின் முன்மூடியை மீண்டும் தூக்கி அதனை அரைச்சுற்று இறுக்கும் கையை உடையவரும் காணார்; பயணியும் காணார்.