பெரட்டில் இருந்த பெயர்

பூட்டான் மன்னராட்சி 1985-இல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், 1958-க்குள் அங்கே குடியிருந்ததற்குப் பதிவைக் கேட்டது. 1988 கணக்கெடுப்பில் தெற்கே இருந்த நேப்பாளி மொழிக் குடியானவர்கள் பழைய நிலவரி ரசீதைத் தேடிப் பெட்டிகளைக் கிளறினார்கள். ரசீது இல்லாதவர் அந்நியரானார். 1990-களில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கிழக்கு நேப்பாளத்தின் முகாம்களில் கிடந்தார்கள்.

மலேசியாவின் மலாக்காவில், ஆயர் குரோ பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் யாரையும் இப்படி எல்லைக்கு அப்பால் தள்ளவில்லை. இரண்டையும் ஒன்றென்பது அநியாயம். ஆனாலும் கேள்வி ஒன்றுதான்: ஏழை கையில் இல்லாத காகிதத்துக்கு யார் பொறுப்பு?

1948 மலாயாக் கூட்டரசு ஒப்பந்தப்படி, மலாக்காவில் பிறந்து நிலையாகக் குடியிருந்த பிரிட்டிஷ் பிரஜை தானாகவே குடிமகன். மலாக்காவின் பூலாவ் செபாங்கை ஒட்டியே இருக்கும் தம்பின், நெகிரி செம்பிலான் மாநிலத்தைச் சேர்ந்தது. அங்கே பிறந்தவரிடம் தகப்பன் எங்கே பிறந்தார், எத்தனை வருஷம் இருந்தார் என்றெல்லாம் கேட்டார்கள். இருவரும் சீவியது ஒரே பால்மரம். 1957-க்குப் பின் இந்த மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்றானது. 1962-இல் பெற்றோரின் நிலையும் சேர்ந்துகொண்டது. தோட்டத்து லயக் குடியிருப்பில் மருத்துவச்சி கையில் பிறந்து, பதியாமல் விட்ட பிள்ளைக்கு எந்தச் சட்டமும் எட்டவில்லை. குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு கிழவர்களானவர்கள் உண்டு.

அரசுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. பதிவேடு இல்லாமல் நாடு நடத்த முடியாது. வந்தவர் எல்லாரையும் வாய்ச்சொல்லை நம்பிச் சேர்த்துக்கொள்ளவும் முடியாது. சிறு நாடான பூட்டானுக்கு, 1975-இல் சிக்கிம் இந்தியாவோடு இணைந்தது கண்முன் நடந்த பாடம். பயம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கான விலையை உழுதவன் தலையில் கட்டியதுதான் பிழை.

தோட்டத்தில் பதிவே இல்லாமலா இருந்தது? விடியுமுன் பெரட்டில், அதாவது வேலைக்குக் கூடும் இடத்தில், பெயர் கூப்பிட்டார்கள். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் தோட்டத்து எழுத்தரான கிராணி ஆள் கணக்கு எழுதினார். அரைநாள் வராவிட்டால் அரைநாள் கூலி போயிற்று. சம்பளத்தைப் பிடிக்க அவ்வளவு துல்லியமாக எண்ணத் தெரிந்தவர்கள், பிள்ளை பிறந்ததை எழுதிவைக்கும் அக்கறையைத் தகப்பனிடம் விட்டுவிட்டார்கள். அவருக்கோ கையெழுத்துக்குப் பதில் பெருவிரல். ஏடு முதலாளியிடம் இருந்தது, நிரூபிக்கும் பாரம் மட்டும் தொழிலாளியிடம் வந்தது.

மொழியும் அப்படித்தான். பூட்டானின் சட்டம் குடியுரிமை கேட்பவருக்கு நாட்டு மொழியான சொங்கா எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்றது. மலேசிய அரசியலமைப்பு, விண்ணப்பித்துக் குடியுரிமை பெறுபவரிடம் போதிய மலாய் அறிவைக் கேட்கிறது. நாட்டு மொழியைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் கங்காணி பேசியது தமிழ், தோட்டப் பள்ளியில் சொல்லித்தந்தது தமிழ், கோயிலில் கேட்டதும் தமிழ். வேலை வாங்குவதற்காக வெள்ளைக்காரத் துரைமார்களே தமிழில் தேர்வெழுதிய தோட்டங்கள் அவை.