சமயக்கல்விப் பட்டமும் சிவஞானமும்

சமயங்களைப் பயின்று பி. ஏ. பட்டம் பெறும் முறை மேனாட்டுப் பல்கலைக்கழகங்களில் நிலைபெற்றுள்ளது. இங்கிலாந்தில் 1967-ஆம் ஆண்டு இலங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் நினியன் ஸ்மார்ட் என்னும் பேராசிரியர் இதற்கெனத் தனித்துறை அமைத்தார். அதற்கு முன் அந்நாட்டிற் பெரும்பாலும் கிறித்தவ இறைநூலே கற்பிக்கப்பட்டது. அமெரிக்காவில், 1963-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அரசினர் பள்ளிகளில் வழிபாடாக விவிலியம் ஓதுதல் கூடாது, சமயங்களைப் பற்றிக் கற்பித்தல் கூடும் எனப் பகுத்துரைத்தது; அதன் பின்னர் அரசினர் பல்கலைக்கழகங்களில் இத்துறை பெருகிற்று.

இத்துறையின் நெறி யாதெனின், ஒரு சமயக்கொள்கை மெய்யோ பொய்யோ என்னுந் தீர்ப்பை ஒதுக்கிவைத்து, அச்சமயத்தார் கொண்டவாறே அதனை அறிந்துரைத்தல். ஈண்டு ஒரு வினா எழுகின்றது. சமயதீக்கை பெற்ற சைவ மாணாக்கனொருவன் அங்குத் தேர்வெழுதுகின்றான். ‘சிவபெருமானே பதி’ என்று எழுதாது, ‘சிவபெருமானே பதி என்பது சைவர் கொள்கை’ என்று எழுதுகின்றான். தன்னையும் உள்ளிட்ட கூட்டத்தைப் பிறர்போல் வைத்துக் கூறும் இவ்வுரை இறைவனை மறுத்தலாகுமோ?

ஆகாது. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் பரபக்கத்தில், உலோகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினால்வர் மதங்களை அவரவர் கூற்றாகவே முதற்கண் நிறுத்துகின்றார். கடவுள் இல்லையென்பான் வாதத்தையும் எடுத்துரைத்தமையால் அவ்வாசிரியர்க்குக் குற்றம் எய்திற்றென்பார் யாருமிலர். பிறன்கோட் கூறல் வேறு, தன்கோள் துணிதல் வேறு. பரபக்கத்தைத் தொடாது சுபக்கத்தை மட்டும் ஒப்பிக்கும் வழக்கம் நம்மவரிடையே மலிந்துவிட்டது. பிறர்மதம் அறியாமலே அதனை இகழ்வாரினும் அம்மாணாக்கன் நூறு மடங்கு மேலானவன்.

அற்றேல், அப்பட்டம் ஞானமாமோ எனின், அற்றன்று. அருணந்தியார் பிறர்மதம் கூறியபின் மறுத்துத் துணிபுக்கு வந்தார். பட்டத்தின் நெறியோ துணிபின் வாயிலிலே நின்றுவிடும். கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்னும் நான்கனுள் முதலிரண்டிற்கே அது துணை. சொல்லும் எழுத்துமாய் வருவது பாசஞானம். அதனாற் பதியை உணர்தல் இயலாதென்பது சிவஞானபோதத்து ஒன்பதாஞ் சூத்திரத்தாற் பெறப்படும். இக்குறை அப்பட்டத்திற்கு மட்டுமோ? பதினான்கு சாத்திரமும் மனப்பாடஞ் செய்து அவ்வளவில் அமைந்தவனுக்கும் இஃதொக்கும்.

அஞ்சத்தக்கது பிறிதொன்று. மூன்றாண்டு இடையறாது ‘சைவர் கொள்கை’ என்றே எழுதிப் பழகிய உள்ளம், சந்நிதியிலும் அவ்வாறே ஒதுங்கி நின்றுவிடுதல் கூடும். கைகூப்பும்பொழுதும் ‘சைவர் இங்ஙனங் கைகூப்புவர்’ என்று தன்னைத் தானே நோக்கி நிற்பவனுக்கு அன்பு கசியுமாறு யாங்ஙனம்? ஆதலின் அங்குப் பயில்வோன் அனுட்டானத்தையும் ஐந்தெழுத்துச் செபத்தையும் தேர்வு நாளினும் விடலாகாது. அவ்விரண்டிலும் அவன் ‘சைவர்’ என்னான், ‘அடியேன்’ என்பான்.