ஆபத்தை மதிப்பிடும் உரிமை

தன் உயிருக்கு நேரக்கூடிய ஆபத்தைத் தானே மதிப்பிட்டு ஏற்கும் உரிமை மனிதனுக்கு உண்டா? பிறருக்குத் தீங்கு நேராதவிடத்து உண்டு என்பதே, சுதந்திரம் பற்றி 1859 இல் ஜோன் ஸ்ருவேட் மில் வெளியிட்ட நூலின் அடிப்படைக் கருத்தாகும். இமயமலைப் பயணம் இக்கருத்துக்கு ஏற்றதோர் உரைகல் எனலாம்.

நேபாளத்தின் எவரெஸ்ற் அடிவார முகாம் ஏறத்தாழ 5,360 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கு வளியமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதன் அரைப்பங்கு அளவினதே. அதற்கு உடல் இசைவாகப் பல நாட்கள் தேவை. எனவே, 3,000 மீற்றருக்கு மேல் உறங்குமிடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மேற்படக் கூட்டலாகாது என்பர் மருத்துவர். பயணத்துக்கு முன் அவர்கள் சிறப்பாக வினவுவன இரண்டு: முன்னர் உயர்மலை நோய் கண்டதுண்டா? எத்துணை விரைவாக ஏறவுள்ளீர்? உடல்வலிமை இந்நோய்க்குக் காப்பன்று.

மலையில் நோயை அளக்கப் பயன்படும் லேக் லூயிஸ் அளவை, தலைவலி, குமட்டல், களைப்பு, தலைச்சுற்றல் என்பவற்றை நோயாளியிடமே கேட்டறிகின்றது. ஆகவே, மதிப்பீடு முழுவதும் அவனது வாய்மையிலேயே தங்கியுள்ளது. பெரும்பணம் செலவிட்டு வந்தவன் தலைவலியை மறைப்பது அரிதன்று. நோய் முற்றி மூளை வீங்கும்போதோ நடை தள்ளாடும், அறிவு மயங்கும். மதிப்பிடவேண்டிய கருவியே பழுதுபடுகின்றது. அறிவு மயங்கிய நிலையிலுள்ளோருக்கு இவ்வுரிமையை மில்லும் அளிக்கவில்லை.

அவ்வாறாயின், 'இறங்கு' என வழிகாட்டி கட்டளையிடுவது சுதந்திரத்தைப் பறிப்பதாகாதோ? ஆகாது. தெளிந்த அறிவுடன், அடிவாரத்தில் நிற்கும்போதே அவ்வதிகாரத்தை அவனிடம் ஒப்படைத்தல் சுதந்திரத்தின் செயலேயாம்.

எனினும், இத்தீர்வு சுமைதூக்குவோனை எட்டுவதில்லை. இவர்களுட் பலர் தாழ்ந்த பள்ளத்தாக்குகளிலிருந்து கூலிக்கு வருவோர். பயணியைப் போன்றே நோயுறக்கூடியவர். பயணி இறங்கினால் இழப்பது ஒரு காட்சி. இவன் இறங்கினால் இழக்கக்கூடியது வீட்டாரின் உணவு. இந்நிலையில் அவனது மௌனத்தைச் சம்மதமெனக் கொள்ளல் அறமாகாது. நோயுற்று இறங்குபவனுக்கும் கூலி உண்டு, துணையும் உண்டு எனப் புறப்படுமுன் உறுதியளித்தாலன்றி, அவனிடமிருந்து உண்மையான விடையை எதிர்பார்த்தல் இயலாது.

ஆகவே, 'என் உயிர், என் துணிவு' எனக் கூறுபவன், தன் சுமையைச் சுமப்பவனின் மூச்சையும் கணக்கிற் சேர்த்தானா என்பதே முதலில் வினவத்தக்கது.